விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, படகுக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. ஃபார்மேட் செய்யாமல் வழி உண்டா?

தங்கச்சிமடத்தான்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லாப்டாப்பில் விண்டோஸ் 11. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபோது மூடி வைத்தது, இடையில் யாரும் தொடவில்லை. ஜூன் 14-உடன் தடை முடிந்து படகு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டது. இப்போது திறந்தால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. நினைவில் இருந்ததை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

உள்ளே எக்செல்லில் போன சீசன் கணக்கு முழுதும் இருக்கிறது. டீசல், ஐஸ், வலைச் செலவு, ஆட்களின் பங்கு, ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம், எல்லாம். அப்பாவுக்கு நோட்டில் எழுதும் பழக்கம் போய் இரண்டு மூன்று வருடம் ஆகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு "ஃபார்மேட் போட்டுத்தான் தர முடியும்" என்றார்கள். லாப்டாப் சித்தப்பா மகன் குவைத்தில் இருந்து கொண்டு வந்தது. முதலில் செட் செய்து கொடுத்ததும் அவன்தான்.

ஃபைல் போகாமல் திறக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

உச்சிப்புளி சர்வீஸ்
தம்பி, முதல் வேலை, ஃபார்மேட்டுக்குக் கொடுக்காதீர்கள். கடைக்காரருக்கு அது சீக்கிரம் முடிகிற வேலை, அதனால் அதைத்தான் முதலில் சொல்வார்.

பூட்டிய திரையில் பாஸ்வேர்டு கட்டத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். "பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்" என்பது ஆரம்பத்திலேயே தெரிந்தால் அநேகமாக மைக்ரோசாஃப்ட் கணக்கு. ஒரு தடவை தவறாகப் போட்ட பிறகுதான் "பாஸ்வேர்டை மாற்று" என்று வருகிறது, அதை அழுத்தினால் மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கிறது என்றால் அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கு. இரண்டுக்கும் வழி வேறு வேறு. இது தெரியாமல் யார் சொல்வதையும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, சும்மா போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். புதிய விண்டோஸ் 11-ல் 10 தடவை தவறினால் 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

தொண்டிக்காரி
அதற்கும் முன்னால் கீபோர்டைப் பாருங்கள் அண்ணே. வளைகுடாவில் வாங்கிய லாப்டாப் என்றால் அரபி கீபோர்டு சேர்ந்தே இருக்கும். ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் தெரியாமல் சேர்த்து அழுத்தினால் அரபிக்குப் போய்விடும். கட்டத்தில் வெறும் புள்ளிதான் தெரியும் என்பதால் நமக்குத் தெரியவே தெரியாது. கீழே வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் மாறும். தமிழ் 99 போட்டு வைத்திருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் உப்புக்காற்று. எங்கள் வீடு கடலை ஒட்டி இருக்கிறது. மூடி வைத்த லாப்டாப்பில் கூட இரண்டு கீ செத்துப் போயின. அழுத்தினால் அழுந்தும், எழுத்து விழாது. கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் நாம் அடித்தது தெரியும். எழுத்து விழாவிட்டால் அதே திரையில் ஆள் படம் போட்ட குறியைத் தட்டி, திரைக் கீபோர்டை எடுத்து மவுஸால் அடிக்கலாம். பாதிப் பேர் மறந்ததாக நினைக்கும் பாஸ்வேர்டு மறந்தே இருக்காது.

தங்கச்சிமடத்தான்
கண் படத்தை அழுத்திப் பார்த்தேன், எழுத்தெல்லாம் சரியாகவே விழுகிறது. ஆங்கிலக் கீபோர்டுதான்.

கீழே "பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்" என்று ஆரம்பத்திலேயே இருக்கிறது. வைஃபை கொடுத்து அதை அழுத்தினால் ஒரு மெயில் முகவரி வந்தது. சித்தப்பா மகனுடைய மெயில். கோட் அனுப்புவதற்கு ஒரு போன் நம்பரின் கடைசி இரண்டு எண் மட்டும் காட்டுகிறது. அது அவன் நம்பராகத்தான் இருக்கும்.

உச்சிப்புளி சர்வீஸ்
நல்லது. அப்படியென்றால் இது உங்கள் கணக்கே இல்லை, அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கு. நீங்கள் அவருடைய கணக்கில் நுழைந்துதான் இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள். இடையில் அவர் குவைத்தில் போனில் எதற்காகவோ பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், உங்கள் லாப்டாப்பும் நெட்டில் இணைந்ததும் புதியதைத்தான் கேட்கும். நீங்கள் மறக்கவில்லை, அவர் மாற்றிவிட்டார் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால் அவரே தன் போனில் மைக்ரோசாஃப்ட் மீட்புப் பக்கத்துக்குப் போய் மாற்றட்டும். நீங்கள் இங்கிருந்து மாற்றினால் அவருடைய மெயில், ஒன்டிரைவ் எல்லாவற்றிலிருந்தும் அவர் வெளியே நிற்பார். மாற்றிய பிறகு லாப்டாப்பைக் கண்டிப்பாக நெட்டில் இணையுங்கள். பூட்டிய திரையிலேயே வலது கீழ் மூலையில் வைஃபை குறி உண்டு, போன் ஹாட்ஸ்பாட் போதும். நெட் இல்லாவிட்டால் அந்த மெஷினுக்குப் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும், புதியதைத் தவறு என்றே சொல்லும். இங்கேதான் நிறையப் பேர் திணறுகிறார்கள்.

பாம்பன் கச்சான்
இவ்வளவு சுற்று எதற்கு? ஒரு பென் டிரைவில் பூட் செய்து, அதாவது அதிலிருந்து மெஷினைத் தொடக்கி, லாகின் திரையில் இருக்கும் அந்த ஒரு ஃபைலை மாற்றி வைத்தால் கருப்புத் திரை வரும், இரண்டு வரி அடித்தால் முடிந்தது. விண்டோஸ் 7 காலத்தில் எத்தனையோ மெஷின் திறந்திருக்கிறேன். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

உச்சிப்புளி சர்வீஸ்
கச்சான் அண்ணே, விண்டோஸ் 7-க்கு நீங்கள் சொல்வது சரி. நானும் செய்ததுதான். இப்போது அதை யாருக்கும் சொல்லாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

ஒன்று, அந்தத் தந்திரம் லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டைத்தான் மாற்றும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு அவர்கள் சர்வரில் இருக்கிறது, இங்கே கருப்புத் திரையில் எதை அடித்தாலும் அது மாறாது. அந்த ஃபைலை மாற்றுவதை இப்போது விண்டோஸ் டிஃபென்டரே கண்டுபிடித்துத் தடுக்கிறது.

முக்கியமானது என்கிரிப்ஷன். இப்போது வருகிற பெரும்பாலான லாப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதலில் செட் செய்யும்போதே டிஸ்க் முழுக்கக் குறியாக்கம் ஆகிவிடுகிறது. ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர், புரோவில் பிட்லாக்கர். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டாலே இது தானாக ஆன் ஆகிறது. பழைய மெஷினில் பாஸ்வேர்டு என்பது வாசல் கதவுப் பூட்டு, ஓடு பிரித்து இறங்கினால் சாமான் கிடைக்கும். இப்போது ஒவ்வொரு சாமானும் தனித்தனிப் பெட்டகத்தில் இருக்கிறது, ஓடு பிரித்து ஒரு பயனும் இல்லை. பென் டிரைவில் பூட் செய்தால் டிஸ்க் தெரியும், உள்ளே இருப்பது ஒன்றும் படிக்க முடியாது.

அதோடு பென் டிரைவில் பூட் ஆகட்டும் என்று பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்தால், அடுத்த தடவை விண்டோஸே சந்தேகப்பட்டு நீல நிறத் திரையில் மீட்புச் சாவி கேட்கும். 48 இலக்கம். அது கையில் இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திறக்க முடியாது.

லோக்கல் கணக்காகவே இருந்து, என்கிரிப்ஷன் இல்லாமல் இருந்தாலும், வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக பாஸ்வேர்டை மாற்றினால் விண்டோஸ் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும், தனியாகக் குறியாக்கம் செய்த ஃபைல்களும் போய்விடும். எக்செல் போன்ற சாதாரண ஃபைல் இருக்கும். ஃபைல் மட்டும் போதும் என்றால் உபுண்டு என்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதில் பூட் செய்து, நகல் எடுத்துக்கொண்டு, பாஸ்வேர்டைத் தொடாமலே விட்டுவிடுவதுதான் உத்தமம்.

பாம்பன் கச்சான்
சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். என் கையில் வருவதெல்லாம் பழைய மெஷின்தான், அதனால் இந்த நீலத் திரையை நான் பார்த்ததில்லை.

தேவிபட்டினம் மாணவன்
பழைய மெஷின் என்றதும் ஞாபகம் வந்தது. பிளஸ் டூவில் கொடுத்த அரசு லாப்டாப் யாரிடமாவது இருந்தால் அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்தால் பாஸ் லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் டிஸ்கைத் திறந்து, வேண்டிய ஃபைலைப் பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம். அக்காவின் பிஎட் ரெக்கார்டு எல்லாம் அப்படித்தான் எடுத்தோம். அவற்றில் என்கிரிப்ஷன் கிடையாது.

தங்கச்சிமடத்தான்
இங்கே ஒரு சிக்கல். நான் இதையெல்லாம் படிப்பதற்குள் அப்பா லாப்டாப்பை வேறொரு கடையில் கொடுத்துவிட்டார். அவர்கள் பென் டிரைவ் போட்டு ஏதோ பார்த்திருக்கிறார்கள். முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஆன் செய்தால் லாகின் திரையே வரவில்லை. நீலத் திரை, "மீட்புச் சாவியை உள்ளிடுக" என்கிறது. நீங்கள் சொன்ன அதே 48 இலக்கம்.

கணக்கு போய்விட்டதா?

உச்சிப்புளி சர்வீஸ்
போகவில்லை, பதறாதீர்கள். ஃபார்மேட் மட்டும் செய்யவில்லை அல்லவா? அது போதும்.

பயாஸுக்குள் போய் செக்யூர் பூட் ஆஃப் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆஃப் என்றால் திரும்ப ஆன் செய்யுங்கள். பூட் வரிசையில் பென் டிரைவை முதலில் வைத்திருந்தால் பழையபடி மாற்றுங்கள். சேமித்து வெளியே வந்தால் பல மெஷின்களில் சாவி கேட்காமலே பழைய லாகின் திரை வந்துவிடும். டிபிஎம் என்று, சாவியைக் காக்கும் சிப்புக்கான ஒரு அமைப்பு உண்டு, அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அதை அழித்தால் சாவி இல்லாமல் முடியாது.

அப்படியும் கேட்டால், நீலத் திரையில் சாவியின் அடையாள எண் என்று ஒன்று இருக்கும், அதன் முதல் 8 எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சித்தப்பா மகன் குவைத்தில் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் சாவிகள் என்ற பக்கத்தைப் பார்க்கட்டும். லாப்டாப்பை முதலில் யார் கணக்கில் செட் செய்தார்களோ அவர் கணக்கில்தான் சாவி தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பழைய லாப்டாப்புகளின் சாவியும் அங்கேயே கிடக்கும் என்பதால் அந்த 8 எழுத்து ஒத்துப்போகிறதை எடுக்கச் சொல்லுங்கள். போனில் வாயால் சொல்லி எழுத வேண்டாம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, ஒரு எண் பிசகினாலும் ஏற்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தான்
செக்யூர் பூட் ஆஃப் ஆகித்தான் இருந்தது. ஆன் செய்தும் சாவி கேட்டது. தம்பி டியூட்டி முடிந்து வந்து சாவியை அனுப்பினான். அவன் கணக்கில் இரண்டு சாவி இருந்தது, 8 எழுத்தை வைத்துச் சரியானதை எடுத்தான். போட்டதும் திறந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி அவன் இடையில் போன் மாற்றும்போது பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கிறான். எக்செல் எல்லாம் இருக்கிறது, முதலில் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்தாயிற்று. பெரிய நன்றி அண்ணே.

உச்சிப்புளி சர்வீஸ்
சந்தோஷம். இப்போதே அதில் உங்கள் பெயரில் இன்னொரு நிர்வாகிக் கணக்கு உண்டாக்கிவிடுங்கள். அந்த 48 இலக்கத்தைப் பிரின்ட் எடுத்து, படகு ஆர்சி வைத்திருக்கிற ஃபைலிலேயே வையுங்கள். லாப்டாப்பிலேயே சேமித்து வைக்கிறவர்களும் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள்.

பெரியபட்டினம் லாத்தா
இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. என் பிரச்சினை ஜிமெயில். காக்கா (அண்ணன்) ஷார்ஜாவில் இருந்தபோது எனக்கு உண்டாக்கிக் கொடுத்தது, மீட்பு எண்ணாக அவருடைய அந்த ஊர் நம்பர். விசா கேன்சல் ஆகி அவர் ஊருக்கு வந்து, நம்பரும் போய்விட்டது. மாற்று மெயில் எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் போட்டோ, நிலப் பத்திர ஸ்கேன் எல்லாம் அதன் டிரைவில் இருக்கிறது. புது கம்ப்யூட்டரில் நுழையப் பார்த்தால் அந்த நம்பருக்குக் கோட் அனுப்புகிறேன் என்று அதிலேயே நிற்கிறது. கூகுள் கஸ்டமர் கேர் நம்பர் ஒன்று நெட்டில் கிடைத்தது, பேசலாமா?

ஏர்வாடி இ-சேவை
லாத்தா, பேசாதீர்கள். இலவச ஜிமெயிலுக்குப் போனில் பேசிக் கணக்கு மீட்டுத் தரும் கஸ்டமர் கேர் கிடையாது. தேடினால் கிடைக்கும் நம்பர் எல்லாம் மோசடி. ஏதோ ஒரு ஆப் போடச் சொல்வார்கள், அப்புறம் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே பேங்க் ஓடிபி எடுப்பார்கள். ஏற்கனவே பேசிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வளைகுடா நம்பர் பிரச்சினை நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். என் கடைக்கு கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வருகிறவர்களில் பலருக்கு இதுதான். இன்னொரு வகை, பிரவுசிங் சென்டரில் மெயில் உண்டாக்கியவர்கள். வேலைக்கு விண்ணப்பம் போட அவசரத்தில் சென்டர்காரர் தன் நம்பரையே போட்டிருப்பார். சென்டர் மூடி, ஆளும் ஊரை விட்டுப் போயிருப்பார்.

நம் ஊர் சிம்மாக இருந்தால், அது உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும்வரை ஆதாரைக் காட்டி டூப்ளிகேட் வாங்கலாம். புது சிம் வந்த முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அது பாதுகாப்புக்காக வைத்த தடை, சிம் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பயன்படுத்தாமலே விட்டால் நம்பர் ரத்தாகும், அப்புறம் கொஞ்ச நாளில் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். வெளிநாட்டு நம்பர் விஷயத்தில் இங்கிருந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அதனால் கூகுளின் மீட்புப் பக்கம்தான் வழி. அங்கே நம்பர் கேட்கும்போது "வேறு வழியை முயற்சி செய்" என்பதைத் தட்டிக்கொண்டே போங்கள். பழைய பாஸ்வேர்டு கேட்டால், நினைவில் இருக்கும் எந்தப் பழையதையும் கொடுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. எல்லாவற்றையும் விட, அந்த மெயிலை எந்தச் சாதனத்தில், எந்த இடத்தில் வழக்கமாகப் பார்த்தீர்களோ அங்கிருந்தே முயலுங்கள். புது கம்ப்யூட்டரில் முயன்றால் கூகுளுக்கு நீங்கள் யாரோ. வீட்டு வைஃபையில், பழைய மெஷினில், பழைய பிரவுசரில் முயன்றால் நம்பிக்கை வரும். என் கடைக்கு வந்து முயல்வதைக் கூட நான் தடுத்துத் திருப்பி அனுப்புகிறேன், காசு போனாலும் பரவாயில்லை.

கீழக்கரை மரைக்கா
மெயில் எத்தனை நாளாகத் திறக்கவில்லை லாத்தா? 2 வருடம் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

பெரியபட்டினம் லாத்தா
இல்லை, போன பெருநாள் வரைக்கும் போனில் வந்துகொண்டிருந்தது. அந்தப் போனை மாற்றியபின்தான் போய்விட்டது.

பாம்பன் கச்சான்
நான் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பாட்டுக்கும் பதிலாக எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? எழுதவே கூடாது என்று எல்லோரும் ஏன் பயமுறுத்துகிறார்கள்?

தொண்டிக்காரி
ஒன்றும் குறையாது. என் கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர், மாதக்கணக்கில் பேச முடியாது. நான் நோட்டில்தான் எழுதி வைத்திருக்கிறேன். நம் பீரோவை உடைத்து ஜிமெயில் பாஸ்வேர்டு திருட யார் வரப்போகிறார்கள்? திருடன் நெட்டில்தான் இருக்கிறான். மானிட்டரில் ஒட்டி வைப்பதும், போன் கவருக்குள் சீட்டு வைப்பதும்தான் தப்பு.

ஏர்வாடி இ-சேவை
நோட்டு சரி. பேங்க் பின் மட்டும் எழுத வேண்டாம். கூகுளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் அதில் கிடைக்கும் 10 காப்புக் குறியீடுகளையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். போன் கடலில் விழுந்தாலும் அதை வைத்து உள்ளே போகலாம். 2025-ல் மீட்புத் தொடர்பு என்றும் ஒரு வசதி வந்திருக்கிறது, நம்பிக்கையான ஒருவரின் கணக்கை முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம். ஆனால் இதெல்லாம் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

தேவிபட்டினம் மாணவன்
லாத்தா, ஒரு சந்தேகம். போனை மாற்றியபின்தான் போய்விட்டது என்றீர்களே. பழைய போனை என்ன செய்தீர்கள்? விற்றுவிட்டீர்களா?

பெரியபட்டினம் லாத்தா
விற்கவில்லை. திரையில் கீறல், அதனால் யாரும் வாங்கமாட்டார்கள். உம்மாவிடம் இருக்கிறது. தொழுகை நேரம் பார்ப்பதற்கும் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்பதற்கும் வைத்திருக்கிறார்கள்.

ஏர்வாடி இ-சேவை
லாத்தா! அதில் ஜிமெயில் ஆப்பைத் திறந்து பார்த்தீர்களா? ரீசெட் போடாமல் கொடுத்திருந்தால் உங்கள் கணக்கு அதில் இன்னும் லாகின் ஆகியே இருக்க வாய்ப்பு உண்டு. இருந்தால் செட்டிங்ஸில் கூகுள், அதில் உங்கள் கணக்கு, பாதுகாப்பு என்று போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் "மறந்துவிட்டேன்" கொடுங்கள். பல நேரம் அந்தப் போனின் திரைப் பூட்டைத் திறந்து காட்டினாலே நம்பிவிடும். அல்லது புது போனில் மீட்பு தொடங்கினால் "நீங்கள்தானா?" என்று பழைய போனில் கேட்கும், ஆம் கொடுத்தால் போதும். உள்ளே போனதும் முதலில் உங்கள் சொந்த நம்பரையும் மகனுடைய மெயிலையும் மீட்பு விவரமாகச் சேருங்கள். ஷார்ஜா நம்பரை எடுத்துவிடுங்கள், எடுத்த பின்னும் 7 நாள் வரை அதற்குக் கோட் அனுப்பவா என்று கேட்கலாம், கண்டுகொள்ளாதீர்கள்.

பெரியபட்டினம் லாத்தா
உம்மா வீடு முத்துப்பேட்டைப் பக்கம். அஸர் தொழுகைக்குப் பிறகு போய்ப் பார்க்கிறேன். அதில் சார்ஜ் நிற்காது, ஒயரோடுதான் வைத்திருப்பார்கள்.

ஏர்வாடி இ-சேவை
ஒயரோடே செய்யுங்கள், பாதியில் அணைந்தால் முதலிலிருந்து. அந்தக் கணக்கை லாக் அவுட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். போகும் முன் உம்மாவுக்கு ஒரு போன் போட்டு, பேரப்பிள்ளைகள் யாரும் அதில் கேம் போட இடம் வேண்டும் என்று எதையாவது அழிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.